கூட்டமைப்பின் மின்னஞ்சலும் ஒரு பதிவேடுதான்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கூட்டமைப்பின் கணக்காளர் ஆற்றிய உரை)



அலுவலகக் கம்ப்யூட்டரில் மின்னஞ்சலை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பை அறிவித்ததுமே பின் வரிசையில் ஒரு அக்கா, "இது ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

நம் குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் ஐந்து என்று எல்லோருக்கும் மனப்பாடம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, முறையான உள்கடன், முறையான திருப்பிச் செலுத்துதல், ஐந்தாவது முறையான பதிவேடு. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் ஐஃபாட் நிதியுதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து, தமிழ்நாட்டுப் பெண்கள் குழு நடத்தக் கற்றுக்கொண்டது இந்தப் பதிவேடுகளோடு சேர்த்துத்தான். 1992-இல் நபார்டு, 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அடமானம் வைக்க நகையோ நிலமோ இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுத்தது? நம் கூட்டத்தையும் சேமிப்பையும் பார்த்துக் கொடுத்தது. அதை அவர்கள் பார்த்த இடம் நம் நோட்டுப் புத்தகம். இன்றைக்கும் 10 லட்சம் ரூபாய் வரை குழுக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆகவே நமக்கு ஈடு என்று ஒன்று இருந்தால் அது நம் பதிவேடுதான்.

அந்தப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால் நீங்கள் டக்கென்று சொல்லுவீர்கள். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் பீரோவில். ஆனால் இப்போது வங்கி கேட்கும் விவரம், திட்ட அலுவலகத்தின் சுற்றறிக்கை, தணிக்கையாளரின் கேள்வி, கண்காட்சிக்கு அழைப்பு, இவற்றில் பாதிக்கு மேல் தாளில் வருவதில்லை. மின்னஞ்சலில் வருகிறது. அது எந்த பீரோவில் இருக்கிறது? சாவி யாரிடம்? இதைக் கேட்கிற உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு. அதனால்தான் இது நம் எல்லோருடைய சமாச்சாரம்.

ஒரு கடிதம் தவறினால்

வேறொரு கூட்டமைப்பில் நடந்தது. பெயர் வேண்டாம். அவர்களுக்கு வந்த மின்னஞ்சல் எல்லாம் கணக்கு எழுதும் பெண்ணின் சொந்த போனுக்கே வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வங்கியிலிருந்து, "தீர்மான நகலையும் உறுப்பினர் பட்டியலையும் 7 நாளுக்குள் அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம். துணிக்கடை விளம்பரம், ரீசார்ஜ் சலுகை என்று வந்து குவிந்தவற்றுக்கு நடுவில் அது கிடந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது விண்ணப்பம் திரும்பிப் போயிருந்தது. கடன் பிறகு கிடைத்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த ஒரு உறுப்பினர், வாக்குத் தவறக் கூடாது என்று வெளியில் வட்டிக்கு வாங்கிவிட்டார். குழு வட்டி எங்கே, வெளி வட்டி எங்கே! அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை யாரும் குறை சொல்ல முடியாது. கூட்டமைப்பின் கடிதம் ஒரு தனி ஆளின் போனில் கிடந்ததுதான் குறை.

இது நடக்காமல் இருக்க நம் அலுவலகத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளை வைத்திருக்கிறோம். மொசில்லா வெளியிடுவது. முதல் பதிப்பு 2004-இல் வந்தது. விலை கிடையாது, இலவசம். நம்முடைய ஜிமெயில் முகவரியை அதில் சேர்த்துவிட்டால், காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கடிதங்கள் எல்லாம் பெரிய திரையில் வரிசையாக வந்து நிற்கும். யார் நாற்காலியில் உட்கார்ந்தாலும் பார்க்கலாம். அதுதான் போனுக்கும் இதற்கும் வித்தியாசம்.

அஞ்சறைப் பெட்டி போல ஐந்து ஃபோல்டர்

திரையின் இடது பக்கம் ஒரு பட்டியல் இருக்கும். மேலே 'இன்பாக்ஸ்'. வருகிற கடிதம் எல்லாம் முதலில் வந்து விழுவது அங்கேதான். அதை அப்படியே விட்டால் சந்தை முடிந்த இடம் மாதிரி ஆகிவிடும். அதனால் முகவரியின் பெயர்மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, 'நியூ ஃபோல்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, தனித்தனி அறை உண்டாக்குகிறோம்.

எத்தனை அறை? இங்கேதான் பலரும் ஆர்வக்கோளாறில் ஐம்பது ஃபோல்டர் போட்டுவிடுகிறார்கள். நம் சமையல்கட்டில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கரண்ட் போன இருட்டிலும் கடுகு எது, வெந்தயம் எது என்று கை போகும். ஏன்? அறை கொஞ்சம், இடம் மாறாது. மருமகள் புதிதாக வந்தாலும் ஒரு நாளில் பழகிக்கொள்வாள். ஃபோல்டரும் அப்படி இருந்தால் போதும். நம்மிடம் ஐந்து:

01 வங்கி
02 திட்ட அலுவலகம்
03 குழுக்கள்
04 கணக்கும் தணிக்கையும்
05 பயிற்சியும் விற்பனையும்

பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், எந்தத் தடையும் இல்லை. முன்னால் எண் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபோல்டர்கள் வழக்கமாக எழுத்து வரிசையில் நிற்கும். எண் போட்டால் நாம் நினைத்த வரிசையில் நிற்கும்.

பெயர் வைக்கும்போது ஆள் பெயர் வைக்காதீர்கள். 'மேனேஜர் சார்', 'மேடம்' என்று ஃபோல்டர் வைத்தால், அவர் மாற்றலாகிப் போனபிறகு அந்தப் பெயருக்கு அர்த்தம் கிடையாது. காரியத்தின் பெயரை வையுங்கள். ஆள் மாறினாலும் காரியம் மாறாது.

குழுவுக்கு ஒரு ஃபோல்டர் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அத்தனை குழுவுக்கும் போட்டால் பட்டியல் திரைக்குக் கீழே ஓடிவிடும். எல்லாம் '03 குழுக்கள்' என்பதிலேயே இருக்கட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு தேடல் கட்டம் வரும். குழுவின் பெயரை அடித்தால் அந்தக் குழுவின் கடிதங்கள் மட்டும் நிற்கும். அதற்கு ஒரு நிபந்தனை, கடிதத்தின் தலைப்பில் குழுவின் பெயர் இருக்க வேண்டும். 'சப்ஜெக்ட்' என்ற இடத்தைக் காலியாக விட்டோ, 'வணக்கம்' என்று மட்டும் போட்டோ அனுப்பினால் எப்படித் தேடுவது? குழு நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தலைப்பில் குழுவின் பெயர், ஊராட்சி, விஷயம், மாதம் நான்கையும் எழுதுங்கள்.

வங்கிக்கும் தணிக்கைக்கும் மட்டும் உள்ளே ஆண்டு வாரியாகச் சிறு ஃபோல்டர் வைத்திருக்கிறோம். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு ஆண்டு. தணிக்கையாளர் ஒரு ஆண்டைக் கேட்டால் அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டினால் போதும். அதோடு, வந்த கடிதத்தை மட்டும் எடுத்து வைத்தால் பாதி வேலைதான். நாம் அனுப்பிய பதில் 'சென்ட்' என்ற இடத்தில் தனியாக இருக்கும். முக்கியமான பதிலை 'காப்பி டு' கொடுத்து அதே ஃபோல்டருக்குள் ஒரு பிரதி வைத்துவிட வேண்டும். கேள்வியும் பதிலும் ஒரே இடத்தில் இருந்தால் நாளை யாரும் "நீங்க அனுப்பவே இல்லை" என்று சொல்ல முடியாது.

தினமும் பத்து நிமிடம்

ஃபோல்டர் போடுவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது தினப்படி வேலை. வாசல் தெளிக்கிற மாதிரி. காலையில் இன்பாக்ஸைத் திறந்ததும் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்றில் ஒன்று முடிவு செய்கிறோம். ஒன்று, உடனே பதில் போட முடியுமா? போட்டுவிட்டு அதன் ஃபோல்டருக்கு மாற்று. இரண்டு, நேரம் ஆகுமா? கடிதத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். அதைச் சொடுக்கினால் மஞ்சளாகும். வேலை பாக்கி என்று அர்த்தம். மூன்று, வேண்டாத விளம்பரமா? அழி.

இதில் ஒன்று முக்கியம். நட்சத்திரம் போட்ட கடிதம் வேலை முடிகிறவரை இன்பாக்ஸிலேயே இருக்கும். முடிந்தபிறகுதான் நட்சத்திரத்தை எடுத்து ஃபோல்டருக்கு அனுப்புவோம். வாசலில் நிற்கிற ஆளை உள்ளே அனுப்பிவிட்டால் மறந்துவிடும் அல்லவா? ஆக, இன்பாக்ஸில் இருப்பது எல்லாம் பாக்கி வேலை, ஃபோல்டரில் இருப்பது எல்லாம் முடிந்த வேலை. தலைவர் அவர்கள் எட்டிப் பார்த்தாலே பாக்கி எத்தனை என்று தெரிந்துவிடும்.

தண்டர்பேர்ட்டில் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. இந்த முகவரியிலிருந்து வந்தால் இந்த ஃபோல்டருக்குப் போ என்று ஒருமுறை சொல்லி வைத்தால், அதுவாகவே கடிதத்தை மாற்றிவிடும். நல்ல வசதிதான். ஆனால் வங்கிக் கடிதத்துக்கும் திட்ட அலுவலகக் கடிதத்துக்கும் நாங்கள் அதைப் போடவில்லை. யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால், ஒழுங்காக இருக்கிற மாதிரித் தெரியும், பதில் மட்டும் போயிருக்காது. விளம்பரம், செய்தி மடல் இவற்றுக்கு மட்டும் ஃபில்டர் போதும்.

அழிப்பதிலும் வைப்பதிலும் கவனம்

ஜிமெயிலில் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. கடிதம், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். நிறைந்துவிட்டால் புதிய கடிதம் வராது. ஒரு கடிதத்தோடு இணைத்து அனுப்பக்கூடிய அளவும் 25 எம்பி வரைதான். கூட்டத்துப் புகைப்படங்கள் எல்லாவற்றையும் அப்படியே இணைத்து இடத்தை அடைக்க வேண்டாம்.

அழிக்கும்போது இரண்டு விஷயம். அழித்த கடிதம் குப்பைக்கூடையில் 30 நாள் இருக்கும், அதற்குள் தேடி எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு கிடைக்காது. இன்னொன்று, ஜிமெயில் கணக்கில் 'ஆல் மெயில்' என்று ஒரு ஃபோல்டர் தெரியும். அதில் எல்லாக் கடிதமும் இருப்பதைப் பார்த்து, "ஐயோ, ரெண்டு ரெண்டா இருக்கே" என்று சிலர் அங்கே போய் அழிக்கிறார்கள். அது இரண்டாவது பிரதி இல்லை. அதே கடிதம்தான் இரண்டு இடத்தில் தெரிகிறது. அங்கே அழித்தால் வங்கி ஃபோல்டரிலிருந்தும் போய்விடும்.

'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று பட்டியலின் கீழே இருப்பதிலும் கவனம் தேவை. அங்கே நகர்த்திய கடிதம் ஜிமெயிலிலிருந்து எடுக்கப்பட்டு, அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும். கம்ப்யூட்டர் கெட்டால் கடிதமும் போச்சு. நடப்பு ஆண்டுக் கடிதம் எதையும் அங்கே நகர்த்தக் கூடாது என்பது நம் அலுவலக விதி.

தண்டர்பேர்ட், வழக்கமாக ஒரு ஃபோல்டரில் இருக்கும் கடிதம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்து வைக்கிறது. கடிதத்தை அழித்தாலும், நோட்டில் கோடு போட்டு அடித்த வரி மாதிரி, அந்தக் கோப்பில் அது கொஞ்ச நாள் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். ஃபோல்டர்மேல் வலது பொத்தானை அழுத்தி 'காம்பாக்ட்' கொடுத்தால்தான் சுத்தமாகும். மாதம் ஒருமுறை செய்கிறோம். அது ஓடும்போது நடுவில் நின்றால் கோப்பு கெட வாய்ப்பு உண்டு. ஆகவே கரண்ட் போய்ப் போய் வருகிற நேரத்தில் செய்ய வேண்டாம்.

மாதக் கடைசியில் இன்னொரு வேலை, நகல் எடுப்பது. 'ஹெல்ப்' பட்டியலில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்பதற்குள் போனால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' இருக்கும் இடத்தைக் காட்டும். தண்டர்பேர்ட்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொள்கிறோம். அந்த டிஸ்க் மேசைமேல் கிடக்காது. நாம் சேமித்து வைத்த பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கும் என்பதால் அது ஒரு சாவிக்குச் சமம். பணப்பெட்டியோடு பூட்டி வைக்கிறோம்.

உங்கள் ஆதார் யாரிடம் இருக்கிறது?

இப்போது சொல்வதை எல்லா உறுப்பினரும் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கடன் விண்ணப்பத்துக்காக ஒவ்வொருவரும் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ கொடுக்கிறீர்கள். அதைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறோம். அந்தப் படம் எத்தனை பேர் போனில் தங்கிவிடுகிறது? போன் பழுதானால் கடையில் கொடுக்கிறோம், பழைய போனை விற்கிறோம், பிள்ளைகள் எடுத்து விளையாடுகிறார்கள். உங்கள் கையெழுத்தையும் கணக்கு எண்ணையும் தெருவில் விட்ட மாதிரிதான் அது. அலுவலக மின்னஞ்சலுக்கு வந்து, அதற்கான ஃபோல்டரில் சேர்ந்த பிறகு, அனுப்பியவர் தன் போனில் இருக்கும் படத்தை அழித்துவிட வேண்டும். இதைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே போடுங்கள்.

வங்கியிலிருந்து வந்த மாதிரியே போலிக் கடிதமும் வரும். கணக்கை முடக்கப் போகிறோம், உடனே இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று பயம் காட்டும். ஃபோல்டர் ஒழுங்காக இருந்தால் இதற்கும் உதவும். '01 வங்கி' ஃபோல்டரைத் திறந்து, வங்கி இதற்கு முன் எழுதிய முகவரியும் இந்த முகவரியும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒன்றாகவே தெரிந்தாலும் சந்தேகம் இருந்தால் அழுத்தாதீர்கள், நேரே கிளைக்குப் போய்க் கேளுங்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

சாவி கைமாறும்போது

நிர்வாகிகள் மாறுவார்கள். கணக்காளரும் மாறுவார். நான் இன்று இருக்கிறேன், நாளை வேறொரு தங்கை வருவாள். பீரோச் சாவியைக் கைமாற்றுகிற மாதிரி மின்னஞ்சலையும் கைமாற்ற வேண்டும். மின்னஞ்சல் கணக்கை மீட்பதற்கான போன் எண் தனி ஆளுடையதாக இருக்கக் கூடாது, கூட்டமைப்பின் சிம் எண்ணாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதி உறையில் ஒட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் மேலே கையெழுத்திட்டுப் பணப்பெட்டியில் வைக்க வேண்டும். பொறுப்பு மாறுகிற அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மாற்றியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். பாஸ்வேர்டை இல்லை, மாற்றிவிட்டோம் என்பதை.

சில இடங்களில் பழைய மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று புதிதாக ஒன்று தொடங்கிவிடுகிறார்கள். 2 ஆண்டு யாரும் தொடாத கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து நீக்கிவிடலாம் என்று கூகுள் நிறுவனமே 2023-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. பழைய கணக்கு வைத்திருக்கும் குழுக்கள் இந்த வாரமே திறந்து பாருங்கள். அதில்தான் உங்கள் முதல் கடன் ஒப்புதல் கடிதம் இருக்கலாம்.

கம்ப்யூட்டர் தெரியாத உறுப்பினர் இதில் என்ன செய்ய முடியும்? நிறைய செய்ய முடியும். மாதாந்திரக் கூட்டத்தில் ரொக்க இருப்பைக் கேட்கிற மாதிரி நான்கு கேள்வி கேளுங்கள். இந்த மாதம் முக்கியமாக என்னென்ன கடிதம் வந்தது? பதில் போடாமல் பாக்கி எத்தனை? நகல் எடுத்தாச்சா? கணக்காளர் ஒரு வாரம் லீவு போட்டால் வேறு யார் திறந்து பார்ப்பார்? பதில் உடனே வந்தால் நல்லது. வராவிட்டால் அங்கே வேலை இருக்கிறது. கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். ரொக்கப் புத்தகத்தைக் காட்டச் சொன்னபோது நாம் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லையே.

கடைசிக் கேள்விக்கு இன்று நம்மிடம் முழுப் பதில் இல்லை. அதனால் இந்தப் பொதுக்குழுவின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் இந்த வேலையைப் பழக வேண்டும். படிப்பு அதிகம் வேண்டியதில்லை. தமிழ் வாசிக்கவும் ஆங்கில எழுத்தை அடையாளம் காணவும் தெரிந்தால் போதும். வாரம் ஒரு பிற்பகல் என்று நான்கு வாரம் வந்தால் கற்றுக்கொடுத்துவிடுவேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் முன் செயலாளர் அவர்களிடம் சொல்லுங்கள். அதைத் தீர்மானமாகவும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.